துன்பத்தில் மாணாக்கராதல்

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அக்கூற்றில் பாதியே உண்மை உண்டு. ஒரே துன்பத்தில் அகப்பட்ட இருவருள் ஒருவன் கனிவதையும் மற்றொருவன் கல்லாய் இறுகுவதையும் தோட்டத்து லயன் வீடுகளிலும் நகரத்து வாடகை அறைகளிலும் நாம் காணாத நாளில்லை. வேலை போனதும், நோய் கண்டதும், கடன் கழுத்தை நெரித்ததும் இருவர்க்கும் பொதுவே. ஆயினும் ஒருவன் அண்டை வீட்டாரின் கண்ணீரை அறிபவனாய் எழுகின்றான். மற்றவனோ எவர் சொல்லும் காதில் ஏறாதவனாய்க் கதவை அடைத்துக்கொள்கின்றான். துன்பமே ஆசானாயின் இருவரும் ஒரே பாடத்தையன்றோ கற்றிருத்தல் வேண்டும்? ஆகவே துன்பம் தானாக எதனையும் கற்பிப்பதில்லை என்பது தெளிவு. அதன் நடுவிலும் கற்கும் மனத்தை இழவாதவனே அதிலிருந்து எதையேனும் பெறுகின்றான். அம்மனத்தைக் காப்பது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ சமயத்தாரின் அனுபவத்தில் விடை தேட விழைகின்றோம். எச்சமயத்திற்கும் ஆள் திரட்டுவது நம் நோக்கமன்று. சென்ற போர்க்காலத்தில் சயாம் காட்டிலும் சிங்கப்பூர்ச் சிறையிலும் அச்சமயத்தார் சிலர் பட்ட பாடும் பெற்ற தெளிவும் நம் வினாவோடு நேரே தொடர்புடையன. அவ்விடங்கள் இரண்டும் நம் மக்களின் இரத்தமும் கண்ணீரும் சிந்திய இடங்களுமாம்.

சமயம் தரும் ஆறுதல் என்றவுடன் சீர்திருத்த அன்பர்கள் முகஞ் சுளிப்பர். அவர்கள் ஐயம் வீண் ஐயமன்று. எல்லாம் ஆண்டவன் சித்தம், பொறுத்துக்கொள் என்னும் சொல், கூலி குறைந்தபோதும் குழந்தை மருந்தின்றி மாய்ந்தபோதும், கேட்க வேண்டிய கேள்வியைத் தொண்டையிலேயே அடக்கிவிடப் பயன்பட்டதுண்டு. இத்தகைய ஆறுதல் கள்ளுக்கடை தரும் ஆறுதலுக்கு உடன்பிறப்பு. இரண்டும் வலியை மறக்கச் செய்யும். இரண்டும் அறிவை உறங்கச் செய்யும். ஆனால் அறிவை உறங்க வைக்கும் ஆறுதல் ஒன்று இருப்பதனால், அறிவை விழிக்கச் செய்யும் ஊக்கம் வேறொன்று இல்லையென்று முடிவு கட்டிவிடலாகாது. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். எந்த ஆறுதல் மனிதனை மேலும் கற்கவும் பிறர்க்கு மேலும் உதவவும் தகுதியுடையவனாக்குகின்றதோ அது மெய்யான ஊக்கம். எந்த ஆறுதல் இனி எனக்கு எவரும் ஒன்றும் சொல்ல வேண்டா என்று அவனை அமரச் செய்கின்றதோ அது மயக்கம். இதுவே நாம் கொள்ளும் உரைகல்.

கிறிஸ்தவ வேதமும் இவ்வுரைகல்லுக்கு மாறானதன்று. பழைய ஏற்பாட்டில் யோபுவின் சரித்திரம் உளது. செல்வமும் மக்களும் உடல் நலமும் ஒருங்கே இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபுவைக் காண நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் வாய் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் செய்த நன்மை அவ்வளவே. வாய் திறந்தபின், அவன் செய்த பாவமே இத்துயரத்திற்குக் காரணம் என்று ஆயத்தமான விடைகளை அடுக்கத் தொடங்கினர். யோபு அவ்விடைகளை ஏற்கவில்லை. கடவுளையே வழக்குக்கு அழைப்பவன்போல் கேள்விகள் தொடுத்தான். நூலின் முடிவில் கடவுளின் சினத்துக்கு இலக்காவோர் விடை கூறிய நண்பர்களே. செவ்வையாய்ப் பேசினான் என்ற பெயர் கேள்வி கேட்ட யோபுவுக்கே கிட்டுகின்றது. அதற்கு முன்பே யோபுவும் தான் அறியாதவற்றைப் பேசியதை உணர்ந்து பணிகின்றான். கேட்கத் துணிந்தவனே கேட்டுக்கொள்ளவும் ஆயத்தமாயிருந்தான். சமயத்தின் பெயரால் கேள்வியை அடக்குவோர் அந்நண்பர் மூவரின் வழியில் நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இயேசு பெருமானைப் பின்பற்றினோரைத் தமிழ் வேதத்தில் சீஷர் என்றும் சீடர் என்றும் வழங்குகின்றோம். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அதற்குரிய சொல்லின் பொருள் கற்பவர் என்பதே. ஆகவே அச்சமயத்தில் விசுவாசி என்பவன் பாடத்தை முடித்துவிட்டவன் அல்லன்; என்றும் பள்ளியில் இருப்பவன். பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதியதாக வழங்கும் இரண்டாம் நிருபத்தில் ஒரு சிறு செய்தி காணப்படுகின்றது. மரணம் அண்மையிலிருப்பதை உணர்ந்த அம்முதியவர் இரண்டு பொருள்களை வேண்டுகின்றார். ஒன்று, தாம் ஓர் ஊரில் விட்டுவந்த மேலங்கி. மற்றது, புத்தகங்களும் தோற்சுருள்களும். சாகப் போகிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்று உலகம் கேட்கும். இறுதி மூச்சு வரை மாணாக்கனாய் இருக்க விரும்புவோனுக்கு அக்கேள்வி தோன்றுவதேயில்லை.

இவையெல்லாம் பழங்கதை எனின், நம் காலத்துக்கு அணித்தாகிய நிகழ்ச்சிகளைக் காண்போம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அவ்வாண்டே அவர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதை போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000க்கு மேற்பட்டோர். சயாமில் இருந்த சுங்காய் என்னும் முகாமில் எர்னெஸ்ட் கார்டன் என்ற ஸ்காத்லாந்து நாட்டு இராணுவ அதிகாரியும் ஒரு கைதி. பசியும் அடியும் முற்றிய அம்முகாமில் கைதிகள் ஒருவரையொருவர் திருடினர். சாகக் கிடப்போரை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. துன்பம் தானாக மனிதனைத் திருத்தாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கார்டன் பல நோய்களால் தாக்குண்டு, கால்கள் செயலற்று, பிழைக்கமாட்டார் எனக் கைவிடப்பட்டார். அந்நிலையில் சாதாரணச் சிப்பாய்கள் இருவர் நாள்தோறும் அவருடைய புண்களைக் கழுவி, கால்களைத் தேய்த்து, தம் உணவில் பங்கும் அளித்தனர். ஒருவர் மெதடிஸ்டு; மற்றவர் ரோமன் கத்தோலிக்கர். சமயப் பற்று இல்லாதிருந்த அவ்வதிகாரி மெல்ல மெல்ல எழுந்து நடந்தார். பின்னர்ச் சிப்பாய்கள் சிலர் அவரை அணுகி, கிறிஸ்தவத்தில் உண்மை ஏதேனும் உண்டா என்பதைத் தம்மோடு கூடி ஆராய்ந்து பார்க்குமாறு வேண்டினர். அவர் தமக்குத் தெரிந்ததைப் போதிக்கச் செல்லவில்லை. தெரியாததைப் பிறரோடு சேர்ந்து படிக்கச் சென்றார். அப்படிப்பு அங்கு நில்லாது பரவியது. வயிறு நிறையச் சோறில்லாத அம்முகாமில் சரித்திரமும் தத்துவமும் கணிதமும் பல மொழிகளும் கற்பிக்கும் காட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியது. கையிலிருந்த சில புத்தகங்களே அதன் நூலகம். பின்னொரு நாள் ரயிலில் கொண்டுசெல்லப்பட்டபோது, தம் படையினராலேயே கவனிப்பாரற்று விடப்பட்ட ஜப்பானியக் காயக்காரர்களைக் கண்டு, கார்டனின் தோழர்கள் தம் உணவும் நீரும் கொடுத்துப் புண்ணைத் துடைத்தனர். கார்டன் போருக்குப் பின் சமய ஊழியரானார். 1955 முதல் 1981 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராயிருந்தார். மேற்கண்ட செய்திகளை 1962இல் நூலாகவும் வெளியிட்டார்.

இங்குச் சற்று நின்று நீதி பேச வேண்டும். அதே ரயில்பாதையில் ஆசியத் தொழிலாளர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். போர்க்கைதிகளுக்குத் தம் படையின் மருத்துவர் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், செத்தவன் பெயரைக் குறித்து வைக்க ஏடும் இருந்தது. நம் தொழிலாளிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. வாந்திபேதி வந்தபோது கூட்டங் கூட்டமாய் மடிந்து, பெயரின்றிப் புதையுண்டனர். ஆகையால், நம்பிக்கையுடையோர் பிழைத்தனர், இல்லாதோர் மாண்டனர் என்று எவரேனும் பிரசங்கிப்பாராயின் அது பொய்யாகும். இறந்தோர்க்குச் செய்யும் அவமதிப்புமாகும். நம்பிக்கையுடையோரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். சுங்காய் நமக்குச் சொல்லும் செய்தி வேறு. ஊக்கம் வானத்திலிருந்து தனியே இறங்கி வருவதில்லை. புண்ணைக் கழுவும் கையின் வழியாக வருகின்றது. அக்கை நீளாத இடத்தில் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு உரிமையில்லை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1943 செப்டம்பர் இறுதியில் நேசநாட்டு வீரர் சிலர் படகுகளில் வந்து சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தனர். சாங்கிச் சிறையிலிருந்த வெள்ளையர்களே துப்புக் கொடுத்தனர் எனச் சந்தேகித்த கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசார், அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி 57 பேரைப் பிடித்து வதைத்தனர். 15 பேர் மாண்டனர். பிடிபட்டோருள் ஒருவர் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் அத்தியட்சராகிய லியோனார்டு வில்சன். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக் கட்டடத்தையே கெம்பித்தாய் தன் வதைக்கூடங்களுள் ஒன்றாக்கியிருந்தது காலத்தின் கொடுமையன்றோ?

வில்சன் 1946இல் பிரிட்டிஷ் வானொலியில் நிகழ்த்திய பிரசங்கத்தில் அந்நாட்களைப் பற்றிப் பேசினார். அதில் நம் கருத்தைக் கவர்வது அவர் வீரமன்று. அடித்தோரை மன்னிக்குமாறு முணுமுணுத்த அந்நேரத்திலேயே, இது நெஞ்சார்ந்த சொல்லா அல்லது நாடகமா என்று அவர் தம்மையே ஐயுற்றார். எத்தனையோ ஆண்டுகள் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த ஒரு போதகர், மன்னிப்பு தமக்கு உண்மையாகத் தெரியுமா என்று சாட்டையடிக்கு இடையில் தம்மையே வினவுகின்றார். பின்னர் அக்கொடியவர்களை, முன்னொரு காலத்தில் உடன்பிறந்தாரோடு விளையாடிய சிறு குழந்தைகளாக அவர் எண்ணிப் பார்த்தார். குழந்தைகளை வெறுப்பது கடினமாயிருந்தது. பிரசங்க மேடையில் கற்பித்ததை அவர் வதைக்கூடத்தில்தான் கற்றார். போர் முடிந்தபின் தம்மை வதைத்தோருள் ஒருவன் கிறிஸ்தவனாகி வர, அவனுக்குத் திடப்படுத்தல் வழங்கியவரும் அவரே. குற்றவாளிகள் 1946இல் சிங்கப்பூரில் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். மன்னிப்பு நீதியின் கதவை அடைத்துவிடவில்லை.

இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஊக்கமும் கற்கும் மனமும் இரண்டு பொருள்கள் அல்ல. தனக்கு இனி அறிவதற்கு ஒன்றுமில்லை என்று கருதுவோனுக்கு நாளை என்பதும் இல்லை. நாளை இல்லாதவனை எவ்வாறு ஊக்குவது? நான் இன்னும் அறியாத நன்மை ஒன்று உண்டு, அதனை அறிவிப்பாரும் உண்டு என்று எண்ணுவோன் நம்பிக்கையின் வாயிலில் நிற்கின்றான். கிறிஸ்தவன் அதனைத் தன் ஆண்டவரிடம் கற்பதாகக் கூறுகின்றான். அவ்விசுவாசம் இல்லாதோரும் அவன் காட்டும் பணிவைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

நம் வள்ளுவப் பெருந்தகைக்கும் இது தெரியாததன்று. அவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின், கல்லாமையைக் கண்டித்து, அடுத்தே கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். ஏடு தொடாதவனுக்கும் செவி உண்டன்றோ? கேட்டறிந்த அறிவு தளர்ச்சிக் காலத்தில் கைகொடுக்கும் என்பது அவர் துணிபு. ஆதலின் பள்ளி வாசலை மிதியாத பால்மரத் தொழிலாளியும் மாணாக்கனாகலாம். பட்டம் பெற்ற பண்டிதனும் அத்தகுதியை இழக்கலாம்.

எனவே, அன்பர்காள், ஆறுதல் சொல்லப் புறப்படுமுன் நாம் சில விரதங்களை மேற்கொள்வோமாக. துயருற்றோன் வீட்டுக்குச் சென்றால், யோபுவின் நண்பர் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்வோம். எட்டாம் நாள் செய்ததைச் செய்யாதிருப்போம். அவன் கேள்வி கேட்டால், அது கடவுளைப் பற்றியதாயினும் கூலியைப் பற்றியதாயினும், அதை அடக்காதிருப்போம். சொல்லுக்கு முன் கஞ்சியும் மருந்தும் கொண்டு செல்வோம். ஜெபக்கூட்டம் நடத்தும் சபையார் அதே கூரையின்கீழ் பிள்ளைகளுக்கு ஓர் இரவுப் பாடசாலையும் நடத்தலாம். கோவிலாரும் பள்ளிவாசலாரும் அதனைப் பார்த்துத் தாமும் செய்யலாம். தோட்டம் விற்கப்பட்டு வீடிழந்த குடும்பத்துக்கும், நகரத்தில் நோயோடு தனித்துக் கிடக்கும் முதியவர்க்கும், நம்மிடமிருந்து வேண்டியது பிரசங்கம் அன்று. கூட இருந்து கேட்கும் ஒரு மனிதன்.

அங்ஙனம் கேட்கச் செல்பவன் கற்பிக்கச் செல்வதாக எண்ணாதிருக்கட்டும். சுங்காயில் அந்த இராணுவ அதிகாரிக்குப் பாடம் சொன்னவர்கள் அவருடைய புண்ணைக் கழுவிய இரண்டு சிப்பாய்கள். நமக்குப் பாடம் சொல்லப் போகின்றவர் யாவரென்று நாம் இன்னும் அறியோம். அதனை அறியும்வரை நம் செவிகள் திறந்திருப்பனவாக.