நோய்க்கு எதற்குக் கைதட்டல்?

'கொஞ்சம் கிறுக்கு இருந்தாத்தான் சார் கலை வரும்.' இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை, சொல்லியும் இருப்பீர்கள். நிஜம்தானா?

கவிஞர் ஆத்மாநாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் பிறந்தவர். 1978-ல் 'ழ' சிற்றிதழைத் தொடங்கினார். 1981-ல் 'காகிதத்தில் ஒரு கோடு' தொகுப்பு வந்தது. மனநோயோடும் போராடினார். 1984-ல் தற்கொலை. வயது 33.

அவர் கவிதைகளைப் படித்துப் பாருங்கள். பிதற்றல் இருக்காது. தெளிவு, மெல்லிய கிண்டல், அளந்து வைத்த சொற்கள். இதெல்லாம் நோய் கொடுத்ததா? நோய் கொடுத்ததை விடுங்கள், எடுத்துக்கொண்டதைப் பாருங்கள்: 34 வயதுக்கு மேல் அவர் எழுதியிருக்கக்கூடிய எல்லாவற்றையும்!

ஜெர்மன் இசைமேதை ராபர்ட் ஷூமன் கதையும் ஏறக்குறைய இதுதான். காதலித்த கிளாராவைக் கைப்பிடித்த 1840-ல் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல் பாடல்கள் அமைத்தார். 1844-ல் மனம் முறிந்தது. பேனா கிட்டத்தட்ட நின்றேபோனது. 1854-ல் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். மீதி இரண்டரை வருடம் மனநோய் விடுதியில். 46 வயதில் முடிந்துபோனார். அந்த விடுதியிலிருந்து பெரிய படைப்பு எதுவும் வரவில்லை.

'அவர் வெறிபிடித்த மாதிரி எழுதிக் குவித்த வருடங்களில் நோய்க்கும் பங்கு உண்டே' என்பார்கள். இருக்கலாம். ஆனால், அந்த வேகத்தை இசையாக்கியது வருடக்கணக்கில் செய்த பயிற்சி. அது இல்லாதவருக்கு வெறும் தூக்கமில்லாத ராத்திரிதான் மிஞ்சும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு நெய்வேலி சுரங்கம் தெரியும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. ராப்பகலாக பம்ப் போட்டு இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும். 'தண்ணீர் இருப்பதால்தான் கரி கிடைக்கிறது' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். கலைஞன் விஷயத்தில் மட்டும் தலையாட்டுகிறோம்!

இதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? உங்கள் வீட்டிலேயே கவிதை எழுதுகிற பிள்ளை இருக்கலாம். நாலு நாளாகத் தூங்காமல் இருக்கலாம். 'மாத்திரை போட்டா கற்பனை மழுங்கிடும்' என்று யாரோ சொன்னதை நம்பி, மருந்தை ஜன்னல் வழியே எறிந்துகொண்டிருக்கலாம். சில மருந்துகளில் மந்தம் வருவது உண்மைதான். அதை டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

அடுத்த முறை யாராவது 'மேதைன்னா அப்படித்தான்' என்றால், தலையாட்டாதீர்கள். 'அவர் தூங்கினாரா?' என்று கேளுங்கள். கவிதையை அப்புறம் படிக்கலாம்.