முகாமில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனிகள் வந்தபின் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் ஊருக்குப் பழகிவிட்டன. அவர்களுக்கு இங்கே பிள்ளை பிறந்தால் அது இந்தியக் குடிமகன் ஆகாது. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை, தாய்தகப்பனின் நாடு அதற்கு இருக்கிறது. போக இடம் உள்ளவர்களிடம் இந்த விதி அநியாயமாகத் தெரிவதேயில்லை.

படகேறி வந்த ஈழத்தமிழரின் முகாம்களில் கதை வேறு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, குடியரசு நாளிலிருந்து 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், தூதர் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, குடிமக்களே. அதற்கு மறுநாள் முதல் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அதே முகாமில் 1988-ல், அகதிகளுக்கே பிறந்தவருக்கு அந்த வழி இல்லை.

வாழ்ந்த ஆண்டுகளாவது கணக்கில் வருமா? விசாவோடு வந்த கொரிய எஞ்சினியர் பன்னிரண்டு ஆண்டு இங்கே வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. முறையான ஆவணமின்றிக் கரையேறியவர் முப்பது ஆண்டு இருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சில மதத்தினருக்கு அந்தத் தடையை நீக்கியது. இலங்கை அதில் இல்லை.

எல்லை மீறி வந்தவருக்குச் சலுகை தந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது அரசின் அச்சம். போருக்குத் தப்பியவர்களிடம் அதைச் சொல்வதே கடுமை. ஆனாலும் அது ஒரு வாதம். பிறந்த பிள்ளை எந்த எல்லையைத் தாண்டியது? 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாம்கள் மீது விழுந்த சந்தேகமும் இப்படித்தான், அன்று பிறக்காதவர்கள் மேலும் கவிந்தது. குற்றம் செய்தவரோடு நிற்க வேண்டியது குற்றம்.

இவர்கள் இந்தியராகிவிட்டால் இலங்கையில் தமிழரின் பலம் குறையும் என்போரும் உண்டு. கேட்கத் தகுந்த கவலைதான். ஆனால் ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் காக்கும் பாரத்தை, அந்த மண்ணையே பார்த்திராத இருபது வயதுக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. திரும்புவதோ தங்குவதோ அவர் முடிவு.

மலையகத் தமிழர் விஷயத்தில் இந்தியா இன்னும் கூச்சப்பட வேண்டும். 1948-ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா கையெழுத்திட்டது, முன்னோர் இங்கிருந்து போனவர்கள் என்பதற்காகவே. அந்த வம்சத்தினர் சிலர் 1983-க்குப் பின் படகில் வந்து இன்றும் முகாமில் இருக்கிறார்கள். பிறந்த மண்ணைக் காட்டினால் பெற்றோரைக் காட்டச் சொல்லும் சட்டம், அவர்கள் பாட்டன் பூட்டனைக் காட்டும்போது வந்த படகைக் காட்டுகிறது.