தீர்ப்பில்லாச் சிறையும் மனிதனின் நாணயமும்

வியாபாரத்தையே வாழ்க்கையாகக் கொண்ட நம்மவர்க்கு நாணயம் என்ற சொல்லின் மதிப்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கையில் முதல் இல்லாதவனும் நாணயம் இருந்தால் கடை திறந்துவிடுவான். கிட்டங்கி நிறையச் சரக்கு வைத்திருப்பவனும் நாணயம் கெட்டால் ஒரு மூட்டை அரிசியைக் கடனாகப் பெற முடியாது. 'உங்கள் கணக்கில் புரட்டு இருக்கிறது' என்று ஒருவர் நம்மைப் பார்த்துச் சொன்னால் நாம் முதலில் கேட்பது என்ன? 'பேரேட்டைக் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று காட்டுங்கள்' என்பதுதானே? காட்டினால் பதில் சொல்வோம். காட்ட மறுத்துக்கொண்டே புரட்டு, புரட்டு என்று சொல்லித் திரிபவரை நாலு பேர் முன்னிலையில் நிறுத்தி நியாயம் கேட்போம்.

கடைக் கணக்குக்கு நாம் கேட்கும் இந்த நியாயம், ஒரு மனிதனைப் பிடித்து அடைத்துக் கதவைப் பூட்டும்போது அவனுக்கும் கிடைக்க வேண்டாமா? இதுவே நாம் இங்கே சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

குற்றவாளியைத் தண்டிக்கக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. தண்டனை வேறு, தடுப்புக் காவல் வேறு. தண்டனை பெற்றவன் தன் குற்றம் இன்னதென்று அறிவான். வெளியே வரும் நாளையும் அறிவான். விசாரணையின்றி அடைபட்டவனுக்கு இவ்விரண்டும் இல்லை. மலேசிய அரசியல் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கைதானவருக்குக் காரணத்தை விரைவில் தெரிவிக்க வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. சிங்கப்பூர்ச் சட்டம் அதற்கு 48 மணி நேரம் தருகிறது. நல்ல விதிகள்தாம். ஆனால் விதிக்கு விலக்கும் அதே அரசியல் சட்டங்களில் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த விலக்கு வந்த வரலாறு நம் பெரியவர்கள் கண்ணால் கண்டதே. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்து ஆயுதம் தாங்கிப் போரிட்டவர்களை அடக்க வேண்டிய காலம் அது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பல உயிர்கள் மாண்டன. 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரமோ முடியவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் அவ்வாண்டே அது நிலைபெற்றது. அமைச்சரின் உத்தரவு ஒன்றால் இரண்டாண்டு அடைக்கலாம். முடிந்ததும் உத்தரவை மீண்டும் புதுப்பிக்கலாம். 1963இல் அது சிங்கப்பூருக்கும் வந்தது.

ஆயுதம் தாங்கியவர்களுக்கென்று பின்னிய வலை அவர்களோடு நின்றதா? 1987 அக்டோபரில் 'லாலாங் நடவடிக்கை' என்ற பெயரில் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். அரசியல்வாதிகள், கல்வியாளர்கள், சமூக ஊழியர்கள் எனப் பலதரப்பட்டோர் அவர்களில் இருந்தனர். மலேசியா அச்சட்டத்தை 2012இல் நீக்கியது. ஆயினும் இரண்டாண்டு தடுத்து வைக்கும் அதிகாரம் குற்றத் தடுப்புச் சட்டத்திலும், 2015ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலும் ஒரு வாரியத்தின் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் பழைய சட்டமே நடைமுறையில் உள்ளது.

எதிர்வாதமும் வலுவானதே, அதை மறைப்பது நேர்மையாகாது. இரகசியச் சங்கத்தார் கடை கடையாக வந்து பாதுகாப்புப் பணம் கேட்டு மிரட்டிய காலத்தை வியாபாரிகள் மறக்கவில்லை. சாட்சி சொன்னால் உயிர் தங்காது என்று எல்லோரும் வாய் மூடியிருந்தபோது, வழக்கு எப்படி நடக்கும்? அதற்காகவே சிங்கப்பூரில் 1955இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதனால் நிம்மதியாகக் கடை நடத்தியவர்கள் நம்மிலும் இருக்கலாம். ஆனால் அந்தத் 'தற்காலிக'ச் சட்டம் தவணை தவணையாக நீடிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. ஒரு வாரத்துக் கைமாற்று என்று வாங்கிய பணம் எழுபதாண்டு ஆகியும் திரும்பவில்லை என்றால் அதற்கு நம் அகராதியில் என்ன பெயர்?

ஆபத்தான நேரத்தில் ஒருவனைச் சில நாள் தடுத்து வைப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் பதில் சொல்ல விடாமல் வைப்பது வேறு. சாட்சிக்கு ஆபத்து என்றால் அவர் பெயரை மறைக்கலாம். மூடிய அறையில் விசாரிக்கலாம். ஆனால் விசாரிப்பவர், பிடித்தவராக இருக்கக் கூடாது. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் பங்காளியை, அவர் எவ்வளவு நல்லவராயினும், நாம் ஏற்போமா?

இதில் நம் மனத்தை மிகவும் வருத்துவது, சிறைபட்டவன் தன் நாணயத்தை மீட்க வழியில்லாமல் போவதே. சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த சியா தை போ என்பவர் 1966 அக்டோபரில் கைதானார். அவர் கம்யூனிஸ்ட் என்றது அரசாங்கம். இல்லை என்றார் அவர். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை. வன்முறையைக் கைவிடுவதாக ஒப்பினால் விடுதலை என்றார்கள். செய்யாத ஒன்றைக் கைவிடுவதாக எழுதினால் செய்ததாக ஆகிவிடுமே என்று அவர் மறுத்தார். 1989 வரை சிறையில் இருந்தார். பிறகு செந்தோசாத் தீவில் வைக்கப்பட்டார். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1998இல். அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கையெழுத்துக்கும் விடுதலைக்கும் நடுவே நின்று அவர் சொன்ன சொல் வியாபாரிக்கு விளங்காத சொல்லன்று. வாங்காத கடனுக்கு யாராவது சீட்டு எழுதிக் கொடுப்பார்களா?

இந்த இடத்தில் யூசுப் நபி (அலை) அவர்களின் சரிதை நம் நினைவுக்கு வருகிறது. குற்றமற்றவர் என்று அறிந்தும் அவர்களைச் சிறையில் இட்டார்கள். பல்லாண்டு கழித்து மன்னனே ஆளனுப்பி அழைத்தபோது, அவர்கள் ஓடி வரவில்லை. தம்மீது சுமத்திய பழியை முதலில் விசாரிக்கும்படி தூதனைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மை வெளிப்பட்ட பின்னரே சிறையை விட்டு வந்தார்கள். திறந்த கதவைவிடத் தூய்மையான பெயர் பெரிதென்று கருதிய உள்ளம் அது. அந்தப் பெயரைத் துலக்கிக்கொள்ளும் வாய்ப்பைக்கூடக் கொடுக்காமல் ஒருவனை அடைத்து வைப்பதும், பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே விடுவதும் நீதியாகுமா? வெளியே வந்த பின்னும் அவன்மேல் பற்று எழுதியபடியே இருக்கிறது. வரவு வைக்க ஒரு பக்கம்கூட இல்லை.

சட்டத்தை மாற்றுவது நம் ஒருவர் கையில் இல்லை. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்கிறோமா? தெருவில் ஒருவர் பிடிபட்டார் என்றதும் 'நெருப்பில்லாமல் புகையுமா' என்கிறோம். அவர் கடைக்குக் கொடுத்த சரக்கை மறுநாளே திருப்பக் கேட்கிறோம். அவர் வீட்டுக்குப் போனால் நம் பெயரையும் எழுதிக்கொள்வார்களோ என்று அஞ்சி, அந்தத் தெரு வழியே போவதைத் தவிர்க்கிறோம். விசாரணையின்றித் தண்டிப்பது சர்க்கார் மட்டுமா? நாமுந்தான்.

ஆகவே, தீர்ப்பு வராத வரையில் அவரைக் குற்றவாளி என்று நாம் சொல்லாதிருப்போம். அவர் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நின்றுவிடாமல் பார்ப்போம். கடையில் அவர் பெயரிலுள்ள கணக்கை மூடாமல் வைப்போம். அவர்மீது என்ன குற்றம் என்று கேட்பவர் எவராயினும், அவர் நமக்கு வேண்டாதவராயினும், அந்தக் கேள்வி நியாயமானது என்று சொல்லத் துணிவோம். இன்று அயலாருக்காகக் கேட்க மறுத்த கேள்வியை, நாளை நமக்காகக் கேட்க யார் முன்வருவார்?