அட்வான்ஸ் என்னும் சங்கிலி

நெகேமியா 5-ம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். பஞ்சத்தில் கடன்பட்ட ஜனங்கள் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்த வேண்டியதாயிற்று. அடிமைகொண்டது யார்? புறஜாதியார் அல்ல, சொந்தச் சகோதரர்! அதைக் கேட்டுத்தான் நெகேமியா மிகவும் கோபங்கொண்டான்.

நம்ம பக்கத்தில் இதற்குப் பெயர் ‘அட்வான்ஸ்’. பிள்ளையைப் பீடி சுற்ற விட்டு முன்பணம் வாங்கின காலம் பெரியவர்களுக்குத் தெரியும். மேலே ஜவ்வாது மலையிலோ, ஏஜெண்டுகள் கையில் பணத்தைத் திணித்து ஆட்களை ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழர் மாண்டார்கள். இந்த மலை ஜனங்களும் அதில் உண்டு. ஏஜெண்டு காட்டுக்குள் போகிறதில்லையே!

2021-ல் உலகமெங்கும் கட்டாய வேலையில் சிக்கியிருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கணக்கு.

ஒரு தாயார் வந்து, “ஐயா, கடன் தீர ஜெபம் பண்ணுங்க, சூளையில பையனை விடமாட்டேங்கறாங்க” என்றார்கள். ஜெபித்தேன். பிறகு சொன்னேன்: “அம்மா, 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. திருப்பத்தூர் கலெக்டர்கிட்ட மனு கொடுப்போம், நானும் வர்றேன்.” “நாளைக்கு ஒரு அவசரம்னா யாருங்கய்யா பணம் தருவா?” என்று அழுதார்கள்.

நெகேமியா கடன் கொடுத்தவர்களையே சபைகூட்டி, திருப்பிக் கொடுக்க ஆணையிடுவித்தான். சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரிமார் நம் சபையிலும் உண்டு; பெயர் சொல்லமாட்டேன். அண்ணே, ஞாயிறு ஆராதனைக்கு முன்னாடி என்னை வந்து பாருங்க. கணக்கு நோட்டையும் எடுத்துட்டு வாங்க.