பள்ளக்காட்டு யானைகளும் ஆதமின் மக்களும்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், பெரியநீலாவணையிலிருந்து தெற்கே கல்முனை, நிந்தவூர் தாண்டிப் போனால் ஒலுவில். அதன் உட்புறத்தில், அஷ்ரப் நகருக்கு அருகே பள்ளக்காடு இருக்கிறது. இந்தக் கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை சேருமிடம் அது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைந்த அந்தக் கழிவு நிலையத்தின் மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதாயிற்று. அதை யாரும் திருத்தவில்லை. காட்டு யானைகள் உள்ளே வரப் பழகின. 2022 ஜனவரி வரையான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்திருந்தன. வயிற்றை அறுத்துப் பார்த்தால் பொலித்தீன், பிளாஸ்டிக், உணவு சுற்றிய தாள்கள். மற்ற உயிர்களைவிட மனிதன் மேலானவனா என்ற கேள்வியை இந்த வயிறுகளை முன்வைத்தே கேட்க வேண்டும். வெறும் தத்துவமாகக் கேட்டால் பதில் இலகு: ஆம், மனிதனே மேல். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்த மேன்மை நமக்கு எதைச் செய்ய அனுமதி தருகிறது என்பதில்தான் பிழை விடுகிறோம்.

ஆதமின் மக்கள் கண்ணியப்படுத்தப்பட்டதைக் குர்ஆனின் அல்-இஸ்ரா அத்தியாயம் சொல்கிறது. பூமியில் மனிதன் கலீஃபா, அதாவது பிரதிநிதி, என்பதை அல்-பகரா சொல்கிறது. இரண்டையும் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அல்-அஹ்ஸாபின் இறுதிப் பகுதியை அவ்வளவாகக் கேட்பதில்லை. வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டதைச் சொல்லும் அந்த வசனம், அங்கேயே அவனுடைய அநியாயத்தையும் அறியாமையையும் சொல்லிவிடுகிறது. மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்பது அல்-அன்ஆமின் போதனை. இவற்றைச் சேர்த்துப் படித்தால் மனிதனின் தனிச்சிறப்பு, அவன் கேள்வி கேட்கப்படுபவன் என்பதில் இருக்கிறது. பள்ளக்காட்டைப் பற்றி மறுமையில் யானையிடம் விசாரணை இல்லை. 10ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் இருந்த இஃக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு இந்த மேன்மைக் கேள்வியை ஒரு வழக்காகவே எழுதிவைத்தது. மனிதருக்கெதிராக மிருகங்கள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. நிமிர்ந்த உடல், கூரிய புத்தி, கைத்தொழில் என்று மனிதர் ஒவ்வொரு பெருமையாக எடுத்து வைக்க, மிருகங்கள் ஒவ்வொன்றையும் உடைக்கின்றன. கடைசியில் மனிதர் பக்கம் நிற்பது மறுமை வாழ்வும், மனிதருக்குள் தோன்றிய நல்லடியார்களும் மட்டுமே. மறுமை என்றால் கணக்கு. அந்த ஒரே சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு இல்லாதவர்போல நடப்பது, வழக்கில் நாமே தோற்பதற்குச் சமம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது அற்பமானதல்ல. 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானைகளால் இறந்த மனிதர் 120 பேருக்கும் மேல். இரவில் வயற்காவலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் போய், யானையும் ஒரு சமூகம் என்று சொல்ல எனக்கு நா எழாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த நாட்களில் மனித உயிருக்கே முதலிடம் என்பதை எவரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. உயிருக்கு உயிர் என்று வரும்போது மனிதனைக் காப்பாற்று. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பள்ளக்காட்டில் எந்த மனிதரின் உயிரும் பணயத்தில் இல்லை. அங்கே ஒரு பக்கம் நம் வசதி, மறு பக்கம் யானையின் உயிர். தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ விடயமும் அப்படித்தான். பன்றிக்கென்று வைத்தாலும் அதைக் கடித்த யானைக்கன்று வாய் சிதைந்து, தின்ன வழியில்லாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது கிடைக்கும் சலுகையைச் சௌகரியத்துக்கும் நீட்டிக்கொள்வதுதான் நான் சொல்லும் பிழை.

13ஆம் நூற்றாண்டு அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், வளர்ப்புப் பிராணி முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பின்னும் அதற்குத் தீனி போடுவது உரிமையாளரின் கடமை என்று வகுத்தார். காட்டு யானைக்கு உரிமையாளர் யார் என்று கேட்கலாம். அதற்கு விடை இந்தப் பகுதியின் வரலாற்றில் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தை உண்டாக்கி, பெரும் காட்டை வயலாக்கியது. அதில் யாருக்குக் காணி கிடைத்தது, யாருடையது பறிபோனது என்ற நியாயமான வழக்கு இன்றும் பேசப்படுகிறது. யானைகளின் வழித்தடங்கள் என்னவாயின என்பதை அந்தப் பேச்சில் காணோம். ஒரு சமூகத்தின் வாழிடத்தை எடுத்துக்கொண்டவர், தான் அதன் உரிமையாளர் அல்ல என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

யானைகளோடு சேர்ந்து வாழ்வதன் செலவு முழுவதையும் ஏழை விவசாயியின் தலையில் வைப்பதும் அநியாயமே. நாட்டில் யானைகள் நடமாடும் நிலத்தின் பெரும்பகுதியில் மனிதரும் குடியிருப்பதால், அவற்றைச் சரணாலயத்துக்குள் துரத்தி அடைப்பது நடக்கிற காரியமல்ல. விதைக்கும்போது வயலைச் சுற்றி மின்வேலி போட்டு, வேளாண்மை வெட்டியதும் கழற்றிவிடும் பருவகால வேலி இலங்கையில் ஏற்கெனவே செய்து பார்த்த முறை. பயிர் விவசாயிக்கு, வெட்டியபின் மிஞ்சும் தாள் யானைக்கு. வேலியைப் பராமரிக்கும் பணம் அரசிடமிருந்து வர வேண்டும். பள்ளக்காட்டுக்கு லொறி லொறியாகக் குப்பை அனுப்பும் ஊர்கள் அதைத் தரம்பிரித்து அனுப்பவும், அங்கே பழுதான வேலியைத் திருத்தும் செலவில் பங்கு தரவும் வேண்டும்.