விரால் காவல் நிற்கும் காலம்

ஆடியில் நாலு மழை நின்று பெய்து ஏரிக்குப் புதுத்தண்ணீர் வந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் விரால் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். கரையோரக் கோரைக்கும் அல்லிக்கொடிக்கும் நடுவே பாசியை விலக்கி வட்டமாக ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். முட்டை மஞ்சளாக அதில் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். பிறகு ஆரஞ்சுச் சிவப்பில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாகச் சுற்றும். மூச்செடுக்க அவை மேலே வந்து போகிற இடத்தில், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தூறல் விழுவதுபோல் தண்ணீர் பொரியும். அதற்கு ஒரு முழம் கீழே தாய் விரால் நிற்கும். ஊரில் தாய் என்றுதான் சொல்வோம். ஆண் மீனும் காவல் நிற்பது உண்டு.

விரால் பிடிக்க இதைவிட எளிதான நேரம் கிடையாது. மற்ற நாட்களில் அது எந்தப் புதரடியில் கிடக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். குஞ்சோடு இருக்கும்போது இருக்குமிடத்தைக் குஞ்சுகளே காட்டிக் கொடுத்துவிடும். ரப்பர் தவளையைத் திரளுக்கு அப்பால் வீசி, குஞ்சுகளின் நடுவே இழுத்து வர வேண்டியதுதான். பல நேரம் தாய் முதலில் வாயைத் திறக்காது. மூக்கால் முட்டித் தவளையைத் தள்ளும். மறுபடி வீசினால் மறுபடி முட்டும். தவளை விலகிப் போகவில்லை என்று கண்டதும் ஒரே பாய்ச்சலாகக் கவ்வும். முள் ஏறிவிடும்.

இது சரியா என்பதுதான் என் கேள்வி. மீன் பிடிப்பது பாவமா என்று நான் கேட்கவில்லை. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கெமிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மீன் சாப்பிடுகிறவன், சின்ன வயதிலிருந்து தூண்டில் பிடிக்கிறவன். பொன்னைக்கு அந்தப் பக்கம் வள்ளிமலையில் சமணர்கள் வாழ்ந்த குகைகள் இருக்கின்றன. அவர்கள் வழியில் நடப்பவர்களுக்கும், வள்ளலார் வழியில் நடப்பவர்களுக்கும் இந்தக் கேள்வியே வராது. அவர்கள் ஏரிக்கரைக்கே தூண்டிலோடு வரமாட்டார்கள். வருகிறவர்களுக்குத்தான் எதில் கை வைக்கலாம், எப்போது கை வைக்கலாம் என்ற கேள்வி வருகிறது. கொல்லாமை என்ற பெரிய வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கும் அறம் இல்லாமல் போய்விடாது.

சாதாரண நாளில் மண்புழுவைக் கோர்த்துத் தக்கையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மீன் பசித்து வருகிறது. நான் அதை ஏமாற்றுகிறேன் என்பது உண்மை. ஆனால் ஏரியில் இரை தேடும் எந்த உயிருக்கும் அந்த ஆபத்து உண்டு. தவளையைத் தேடிப் போகும் விராலை நீர்க்காகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வயிற்றுக்காகப் போகிற உயிர் வயிற்றுக்காக வருகிற இன்னோர் உயிரிடம் மாட்டுகிறது. குஞ்சோடு நிற்கும் விரால் பசித்து வருவதில்லை. தன் இரையை விட்டுவிட்டு, ஒளிய இடம் இருந்தும் ஒளியாமல், வெட்டவெளியில் நிற்கிறது. அது கவ்வுவது என் இரையை அல்ல, தன் குஞ்சுகளுக்கு வந்த ஆபத்தை. பசியைத் தூண்டிலில் பிடிப்பது வேறு, பாசத்தைப் பிடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்கிறவன், அந்த மீனிடம் இருக்கும் மிக நல்ல குணத்தையே இரையாகக் கோர்க்கிறான்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் மைத்துனர் மகன் போனில் ஒருநாள் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பற்றிச் சொன்னான். பனி உருகி, வசந்தத்தில் ஏரித் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டிச் சூடேறும்போது ஆண் மீன் கூழாங்கல் தரையை வாலால் துடைத்துக் குழி செய்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும், சரியாக இரைகூட எடுக்காது. குழிக்கு மேல் எது வந்தாலும் பாயும். அதனால்தான் அப்போது பிடிப்பது சுலபம். ஆணைச் சில நிமிடம் வெளியே எடுத்தாலே போதும், சுற்றிக் காத்திருக்கும் சின்ன மீன்கள் முட்டையை மொய்த்துவிடுகின்றன. ஒன்டாரியோவின் தென்பகுதி ஏரிகள் பலவற்றில் ஜூன் பிற்பகுதி வரை அந்த மீனைப் பிடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் தீர்ந்தது. “பிடித்துத் திரும்ப விட்டுவிட்டால் தோஷமில்லை” என்று சொல்லும் இளைஞர்களை இங்கேயும் பார்க்கிறேன். போட்டோ எடுத்து விட்டுவிடுகிறார்கள். மற்ற நாளில் அது நல்ல பழக்கம். காவல் நிற்கும் நேரத்தில் அது போதாது. தாய் கரையில் துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சுத் திரளுக்குள் புகுந்துவிடும். தாய் உயிரோடு திரும்பினாலும் எதற்காக நின்றதோ அது போய்விட்டிருக்கும்.

என்னோடு கரைக்கு வரும் பாய் ஒருவர் இருக்கிறார். தோல் ஷாப்பின் டிரம் செக்‌ஷனில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். நான் இதைச் சொன்னபோது சிரித்தார். “மீனுக்கு ஏது சார் பாசம்? அது படைச்ச விதம், நிக்குது. அதுக்கு என்ன தெரியும்?” என்றார்.

அவரிடம் சைவர்கள் சொல்லும் ஒரு விஷயத்தைச் சொன்னேன். குரு சீடனுக்கு அருள் தருவதில் தொட்டுத் தருவது, பார்த்துத் தருவது, நினைத்துத் தருவது என்று வகைகள் உண்டு. பறவை தொட்டு அடைகாக்கும், மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், ஆமை கரையில் இட்ட முட்டையைக் கடலிலிருந்து நினைத்தே பொரிக்கும் என்று அதற்கு உவமை சொல்வார்கள். கண்ணால் பார்ப்பதால் முட்டை பொரியாது என்று விலங்கியல் படித்த எவருக்கும் தெரியும். ஆனால் இந்த உவமையைச் சொன்னவர் கற்பனையில் சொல்லவில்லை, எங்கோ ஒரு குளக்கரையில் குஞ்சுக்குக் கீழே அசையாமல் நிற்கும் விராலைப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது தொடுவதில்லை, ஊட்டுவதில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறது. அந்தப் பார்வை இருக்கும்வரை குஞ்சு பிழைக்கிறது. இறைவனின் கருணைக்கு உவமையாக நம் முன்னோர் எடுத்துக்கொண்டதை நாம் தூண்டிலில் மாட்டுகிறோம்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். நீரில் வேட்டையாடுவது ஆகுமானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குர்ஆனில் ஒரு கடலோர ஊரின் கதை வருகிறது. ஓய்வு நாளான சனிக்கிழமை அங்கே மீன் பிடிக்கக்கூடாது. அன்றைக்குத்தான் மீன்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வரும், மற்ற நாளில் வராது. அதுதான் சோதனை. விளக்க உரைகளில், வெள்ளிக்கிழமையே வலை கட்டிவைத்து ஞாயிறன்று எடுத்தார்கள் என்று வரும். இன்னொன்று நபிமொழி. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைப் பார்த்த நபிகள் நாயகம், அதன் குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். “பறவைக்குச் சொன்னது மீனுக்கு இல்லைனு நான் எப்படி சார் சொல்றது?” என்று பாய் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

அந்தக் கடலோர ஊரின் கதை என்னை விடவில்லை. எளிதாகக் கிடைப்பதை நாம் பொதுவாகக் கொடுப்பினை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆண்டவன் கண்ணில் காட்டினான், கை நீட்டினேன் என்கிறோம். கண்ணில் காட்டப்பட்டதே கையை மடக்கிக்கொள்வதற்காக இருக்கலாம் என்று அந்தக் கதை சொல்கிறது. சிவப்புக் குஞ்சுத் திரளும் அப்படித்தான் மேலே வருகிறது. ஆண்டு முழுக்க மறைந்து வாழ்கிற மீன், தொடக்கூடாத நேரத்தில் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

நம் பக்கத்து அடியார் ஒருவரும் இதே இடத்தில் நின்றவர்தான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் அதிபத்தர் வருகிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். நாள்தோறும் பிடிபடுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். மீன் வரத்து குறைந்து ஒன்றே ஒன்று கிடைத்த நாட்களிலும் அதையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் ஏற, அதையும் விட்டார். மீனைப் பிடிக்காமல் இருந்தவர் இல்லை அவர். பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்து, அதற்குள்ளே ஓர் எல்லை போட்டுக்கொண்டவர். கடலில் இருப்பது எல்லாம் தனக்கில்லை என்பதை ஒவ்வொரு நாளும் கையால் செய்து காட்டியவர். எனக்குத் தேவையான வழி அவரிடம்தான் இருக்கிறது.

பாசம் என்பதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது, மீனுக்கு அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று இன்னும் ஒருவர் சொல்லலாம். அதற்கான பதிலை நான் சாஸ்திரத்தில் தேடவில்லை. எங்கள் ஆற்றிலேயே இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வரும் பாலாறு எங்கள் தோல் தொழிலுக்குச் சுலபமாகக் கிடைத்தது. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். சுத்திகரிப்பு வராத காலத்தில் அது அப்படியே வெளியே போனது, கிணறுகள் உப்பாயின. இந்தக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது என்பதற்கு முழு ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஈடு செய்ய முடியாத கேடு வரலாம் என்று தெரியும்போது, அறிவியல் முழு உறுதி தரவில்லை என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. தன் செயல் கேடு செய்யாது என்று காட்டவேண்டிய பொறுப்பு செய்கிறவனுடையது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது எங்கள் தோலையும் எங்கள் ஆற்றையும் வைத்துத்தான். 28 ஆண்டுகள் தாண்டி, 2025 ஜனவரி 30 அன்றும் அதே பாலாற்று மாசுக்காகவும் இழப்பீட்டுக்காகவும் அந்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பை நான் விராலுக்கும் வைத்துப் பார்க்கிறேன். தாய் மீன் உள்ளே என்ன உணர்கிறது என்று எனக்கு நிரூபிக்கத் தெரியாது. அது செய்வது என் கண்ணுக்குத் தெரிகிறது: தின்னாமல் நிற்கிறது, ஓடாமல் நிற்கிறது, தன்னைவிடப் பெரிய ஆபத்தின் மீது பாய்கிறது. ஒரு மனிதர் இதைச் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்போமோ அந்தப் பெயரை மீனுக்கு மறுக்க வேண்டுமானால், நிரூபிக்க வேண்டியவன் தூண்டில் வைத்திருப்பவன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். விரால் உயிரோடு தொட்டியில் விலைபோகும் மீன், நல்ல விலை. வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் வீச்சு வலையோடு இறங்குகிறவரிடம் போய் நான் தர்மம் பேசமாட்டேன். ஆபத்து தர்மம் என்று நம் நூல்களும், நிர்ப்பந்தம் என்று பாயின் நூல்களும் அவருக்கு இடம் கொடுத்திருக்கின்றன. நான் பேசுவது என்னைப் போல, சம்பளமோ பென்ஷனோ வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்கு வருகிறவர்களிடம். நமக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. அதே ஏரியில் கட்லா இருக்கிறது, ரோகு இருக்கிறது. அவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற மீன்கள், காவல் நிற்பதில்லை. மண்புழுவையோ மாவையோ கோர்த்துப் போட்டு அவற்றுக்காக உட்காரலாம்.

விலகி இருப்பது எங்கள் ஊருக்குப் புதிய பாடம் இல்லை. புரட்டாசி வந்தால் பாதித் தெருவில் கறிச்சட்டி அடுப்பில் ஏறாது. ரமலானில் கொதிக்கிற வெயிலிலும் டிரம் ஓட்டுகிறவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஆம்பூர்ப் பக்கத்து லூத்தரன் வீடுகளில் தவக்காலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று சட்டமே அந்த விரதத்தை வைத்திருக்கிறது. எங்கள் ஏரிக்கரைகளில் அப்படி ஓர் அறிவிப்புப் பலகையை நான் பார்த்ததில்லை. ஏரியைக் குத்தகைக்கு விடுகிறவர்களும் எடுக்கிறவர்களும் மனம் வைத்தால் குஞ்சுக் காலத்தில் விரால் தூண்டிலுக்கு ஒரு தடை வைக்கலாம். வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம்முடைய மற்ற விரதங்கள் எல்லாம் நம் ஆன்மாவுக்காக, நம் புண்ணியத்துக்காக. இந்த ஒன்றை இன்னோர் உயிரின் பொருட்டு இருப்போம். சிவப்புத் திரள் கண்ணில் பட்டால் நூலைச் சுற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுவது என்று பாயும் நானும் வைத்துக்கொண்டோம். தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவரும் இதை ஏற்கவேண்டும் என்று கேட்கிறேன்.