ஒப்பிடுதலில் நீதி உண்டா?

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடாமல் மனிதரால் சிந்திக்கவே இயலாது. இது நன்று, அது அத்துணை நன்றன்று என்று அளந்து பார்த்தே நாம் எதையும் தேர்ந்தெடுக்கிறோம். சந்தையில் காய்கறி வாங்குகையில் இதில் அறச்சிக்கல் ஏதுமில்லை. ஆனால் ஒப்பிடப்படுவது மூன்று வயதுக் குழந்தைகள் கூடும் இடமாக இருக்கும்போது, பொருளை நிறுக்குமுன் தராசையே சோதித்துப் பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

நமது கிராமப்புற ஊராட்சி ஒன்றியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் இந்திய நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், இன்று தமிழகத்தில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களாகப் பரந்துள்ளது. மக்கள் இன்றும் அவற்றைப் பால்வாடி என்றே அழைக்கின்றனர். பெயர் ஒன்று, நிலை ஒன்றல்ல. சாலையோரப் பெரிய ஊரில் நடுநிலைப் பள்ளி வளாகத்திற்குள்ளேயே மையம் அமைந்திருக்கும். 2019 ஜனவரியில் அத்தகைய 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பெற்றன. அதே ஒன்றியத்தின் கடைக்கோடிக் குடியிருப்பிலோ குறு மையம் ஒன்று இருக்கும். குறு மையம் என்ற வகைக்கு உதவியாளர் பணியிடமே கிடையாது. ஒரே பணியாளர் சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். இவற்றிற்கிடையே பாட்டும் கதையும் சொல்லித் தரவும் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, "அங்கே பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறார்கள், இங்கே சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்" என்று தீர்ப்புக் கூறுவது எளிது. அத்தீர்ப்பு காற்றில் கரைந்துவிடுவதில்லை. வசதி படைத்த பெற்றோர் அதைக் கேட்டுத் தம் பிள்ளைகளை வேனில் ஏற்றி நகரத்து நர்சரிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். வழியற்றோரின் பிள்ளைகள் எஞ்சுகின்றனர். வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை குறைகிறது. குறைந்த எண்ணிக்கையே பின்னர் அம்மையத்தின் குறையாகக் காட்டப்படுகிறது. ஒப்பீடு தானே உண்டாக்கிய விளைவைத் தனக்குச் சான்றாகக் கொள்கிறது!

இங்கே மெய்யியல் நமக்குத் துணைபுரியும். அரிஸ்டாட்டில் வகுத்ததைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியை இருவகையாகப் பிரித்தார். ஒன்று, கொடுக்கல் வாங்கலில் ஈடுக்கு ஈடு செலுத்தும் நீதி. மற்றொன்று, பொதுவில் உள்ளதை உறுப்பினர்க்குப் பங்கிடும் பகிர்வு நீதி. முன்னதில் சமம் என்பது எண்ணளவில் சமம். பின்னதில் அது தகுதிக்கேற்ற விகிதம். அத்தகுதி எது என்பதில்தான் மாந்தர் வேறுபடுகின்றனர். குலம் என்பர் சிலர், செல்வம் என்பர் சிலர், ஆற்றல் என்பர் சிலர். ஆயின் மூன்று வயதுக் குழந்தை எதை ஈட்டியிருக்கிறது? எதை இழக்கும்படி தவறிழைத்திருக்கிறது? தேவை ஒன்றைத் தவிர அதனிடம் வேறு தகுதி எதுவும் இல்லை. எனவே குழந்தைகளிடையே பகிர்வு நீதி என்பது தேவைக்கேற்ற பங்கீடே ஆகும்.

அளவுகோல் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து இரு சான்றுகள் உண்டு. 1962-இல் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆராயப்பட்டனர். ஒரு குழுவினர் மழலையர் பள்ளிக்குச் சென்றனர். மறு குழுவினர் செல்லவில்லை. சென்றவர்களிடம் முதலில் தோன்றிய அறிவுத்திறன் ஏற்றம் சில ஆண்டுகளில் மங்கிப்போயிற்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் முயற்சி வீண் என்றே எழுதியிருப்பர். ஆனால் அவர்களது நாற்பதாம் வயது வரை பின்தொடர்ந்தபோது, அவர்களே அதிகம் படித்தவர்களாகவும் அதிகம் ஈட்டுபவர்களாகவும் சிறை செல்வது குறைந்தவர்களாகவும் காணப்பட்டனர். இதைக் கண்டு மழலையர் பள்ளி எதுவாயினும் நன்றே என்று நாம் இறுமாந்துவிடலாகாது. டென்னசி மாநிலத்தின் பொது மழலையர் பள்ளிகளைப் பற்றி 2022-இல் வெளியான ஆய்வு, அங்குப் பயின்றோர் ஆறாம் வகுப்பில் பயிலாதோரைவிடத் தேர்வுகளில் பின்தங்கியதைக் காட்டியது. பள்ளி இருப்பது ஒன்று. அங்கே குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பது வேறு.

அப்படியாயின் ஒப்பிடவே கூடாதா? அதுவும் பொருந்தாது. ஒவ்வொரு மையமும் தனிச்சிறப்புடையது என்று கூறி எல்லாவற்றையும் வாழ்த்திவிட்டு நகர்வது அன்பன்று, அலட்சியம். ஒப்பிட்டுப் பார்க்க எவரும் இல்லையேல், பூட்டிய கதவும் ஏட்டில் திறந்தே கிடக்கும். மேலும், 2006 டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்புகள் கேட்ட மூன்று மாதத்திற்குள் மையம் பெறும் உரிமையை அளித்தது. பக்கத்து ஊரில் இருப்பது தன் ஊரில் இல்லை என்று ஒப்பிட்டுக் காணாத மக்கள் அவ்வுரிமையைக் கேட்பதெங்ஙனம்?

ஆகவே ஒப்பிடுவதா வேண்டாவா என்பது வினாவன்று. எதனோடு ஒப்பிடுகிறோம், ஒப்பிட்டபின் என்ன செய்கிறோம் என்பனவே வினாக்கள். இதற்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. 1980-இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டனர். அடுத்த வீட்டுக் குழந்தையின் எடையோடு மட்டும் ஒப்பிடாமல், அக்குழந்தையின் சென்ற மாத எடையோடு ஒப்பிட்டனர். எடை ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தைக்குக் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு அளிக்கப்பெற்றது. எடைக்கல் அங்கே தண்டிக்கவில்லை. யாருக்கு முதலில் பரிமாற வேண்டும் என்று சுட்டிக்காட்டியது.

இம்முறையை மையங்களுக்கும் பொருத்திப் பார்ப்போம். பின்தங்கிய மையத்தைக் கண்டறிந்தால் அதற்கு இரண்டாவது ஆளை அனுப்புகிறோமா, அல்லது அதை மூடி அருகிலுள்ள ஊரோடு இணைக்க முனைகிறோமா? பெரியவருக்கு இரண்டு கிலோமீட்டர் சிறு தொலைவு. மூன்று வயதுக் கால்களுக்கு அது எட்டாத தொலைவு. விடியலில் களையெடுக்கப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. எட்டுக் குழந்தைகளே வரும் மையத்தை இழப்பு என்று கணக்கெழுதலாம். அந்த எட்டுப் பேருக்கும் அதைவிட்டால் வேறு மையம் எது?

பணியாளரையும் நாம் மறத்தலாகாது. அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் ஆகியோருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2022 ஏப்ரலில்தான். தாயன்பைக் கடமையாகக் கேட்டுவிட்டு, ஊதியத்தை மட்டும் மதிப்பூதியம் என்று சுருக்கிய ஒரு சமுதாயம், இரு மையங்களின் தரத்தை ஒப்பிடுமுன் தன் கணக்கையும் அத்தராசில் இட்டுப் பார்ப்பது நன்று.

அடுத்த முறை நம் ஊர்ப் பால்வாடியைப் பற்றி நாம் பேச நேரும்போது, பெரிய ஊர் மையத்தைப் போல் இது ஏன் இல்லை என்று கேட்பதோடு நில்லாதிருப்போம். சென்ற ஆண்டைவிட இங்குள்ள குழந்தைக்கு இவ்வாண்டு என்ன கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, குறைந்ததை நிரப்ப நம்மில் யார் எழுந்து செல்வது என்றும் கேட்போம்.